என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டீர்கள், அண்ணாச்சி

தாராவியில் நம் தெரு விநாயகர் விழாக் குழு அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். விழா நோட்டீஸ் பார்த்தேன். ஏழாம் நாள் ராத்திரி வில்லுப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ‘கடவுள் இல்லை என்பவர்களே, என்ன ஆதாரம் காட்டினால் நம்புவீர்கள்? மேடையேறிச் சொல்லுங்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் வருஷம் தவறாமல் தலைக்கட்டு வரி கட்டிவிட்டு, சுண்டல் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால், கேள்வியை எனக்கே போட்டதாக எடுத்துக்கொள்கிறேன். மேடையில் ஆரம்பித்தால் ஒருவர் மைக்கைப் பிடுங்குவார், ஒருவர் கண் கலங்குவார், விஷயம் எங்கேயோ போய்விடும். அதனால் முதலில் எழுத்தில்.

பொதுவாக இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ‘உனக்கெல்லாம் எதைக் காட்டினாலும் நம்ப மாட்டாய்’ என்று அவர்களே முடித்துவிடுவார்கள். எங்கள் பக்கமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. வானத்தில் எழுத்து தெரிந்தாலும் அது வேற்றுக்கிரகவாசி வேலை, இல்லையென்றால் என் மூளைக்கோளாறு என்று நழுவுகிற நாத்திகர்கள் உண்டு. எதைக் காட்டினாலும் மாற மாட்டேன் என்கிறவர் ஆதாரம் ஆதாரம் என்று கத்துவதில் என்ன அர்த்தம்? நான் மாறுவேன். எது வந்தால் மாறுவேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எதற்கு மாற மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2012-ல் வில்லே பார்லே பக்கம் இர்லாவில் வேளாங்கண்ணி மாதா கோயில் சிலுவையில் இயேசுவின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது ஞாபகம் இருக்கும். கூட்டம் கூட்டமாகப் போனார்கள், அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சனல் எடமருகு என்ற பகுத்தறிவாளர் வந்து பார்த்து, பக்கத்தில் அடைத்துக் கிடந்த கழிவுநீர் வாய்க்காலின் ஈரம்தான் சுவருக்குள் ஏறி அங்கே வந்து சொட்டுகிறது என்று காட்டினார். அதற்குப் பரிசாக, மத உணர்வைப் புண்படுத்தினார் என்று அவர் மேல் 295ஏ பிரிவில் புகார்கள் குவிந்தன, அந்த வருஷமே மனிதர் பின்லாந்துக்குப் போய்விட்டார்.

இதைப் பற்றி சயான் ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டே பேசியபோது, உங்கள் குழுவில் பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுக்கிற அண்ணாச்சி (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) கடைக்காரர் வடைக்குக் கொடுத்த பேப்பரைக் கிழித்து அதன் முனையை டீயில் நனைத்துத் தூக்கிப் பிடித்தார். டீ மெதுவாக மேலே ஏறியது. ‘இதாம்மா, செங்கல்லும் இப்படித்தான் உறிஞ்சும், மழைக்காலத்துல எத்தனை சுவத்துல பாத்திருக்கேன்’ என்றார். எந்த வாத்தியாரும் இவ்வளவு அழகாகச் சொல்லித் தர மாட்டார். சரி, அப்படியென்றால் 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி பிள்ளையார் பால் குடித்தது எப்படி அண்ணாச்சி, என்று கேட்டேன். பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, ‘அது வேற’ என்றார்.

எது வேற? அன்றைக்கு டெல்லியில் ஆரம்பித்து ராத்திரிக்குள் உலகம் முழுக்கப் பரவிய விஷயம் அது. ஸ்பூனை விளிம்பு வரை நிரப்பிச் சிலையின் வாயில் ஒட்டிப் பிடித்தால், பரப்பு இழுவிசையால் பால் ஸ்பூனைத் தாண்டி வந்து, சிலை மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது. கல்லும் ஈரம், பாலும் வெள்ளை, கண்ணுக்குத் தெரிவதில்லை. விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள், வழிந்த தடம் சிலை மேல் பளிச்சென்று தெரிந்தது. அண்ணாச்சி காட்டிய டீக்கும் பேப்பருக்கும் நெருங்கிய சொந்தம்தான் இது.

2006 ஆகஸ்ட் 18 அன்று மாஹிம் கடல் இனித்தது. மக்தூம் பாபா தர்கா பக்கத்தில் என்பதால் பாபாவின் கருணை என்றார்கள். நம் தெருவிலிருந்தே சாதி மதம் பார்க்காமல் குடமும் பாட்டிலுமாகப் போனார்கள். மித்தி ஆறு ஊர்ச் சாக்கடையை எல்லாம் சுமந்துகொண்டு வந்து சேர்கிற இடம் அது. குடிக்காதீர்கள், குடிக்காதீர்கள் என்று அதிகாரிகள் கத்திக்கொண்டிருக்க, பிள்ளைகளுக்கு அதைப் புகட்டினார்கள். மழைக்காலத்தில் கடலில் வந்து சேர்கிற நன்னீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அது மேலேயே தங்கும் என்று ஐஐடிக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு மூன்று நாளில் வடக்கே பிள்ளையார் மறுபடியும் பால் குடிக்க ஆரம்பித்தார்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால் விஷயத்தில் நம் தெரு பாஸ்டர் பகுத்தறிவாளர். சிலுவை விஷயத்தில் நீங்கள் பகுத்தறிவாளர். மற்றவர் வீட்டு அற்புதம் என்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் முதலில் பார்த்தது, சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லாரும் சரியான கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அதே கேள்விகளை உங்கள் வீட்டு அற்புதத்திடமும் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஒன்று தாக்குப்பிடித்து நின்றால் அதை என்னிடம் கொண்டுவாருங்கள், மரியாதையாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

இதை ஏதோ வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் நம் பந்தலில் கதை சொன்னவர் சம்பந்தர் மதுரைக்குப் போன கதையைச் சொன்னாரே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாண்டியனுக்கு வெப்பு நோய். வலப்பக்கத்தைச் சம்பந்தர் எடுத்துக்கொள்கிறார், இடப்பக்கத்தைச் சமணர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே நோயாளி, ஒரே காய்ச்சல், ஒரே நேரம், பாதி உடம்புக்கு ஒரு வைத்தியம், மீதிக்கு இன்னொன்று! லேபில் வேலை பார்க்கிற எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் புல்லரிக்கும். நீறு பூசிய பக்கம் குளிர்ந்தது, மயிற்பீலி தடவிய பக்கம் கொதித்தது என்று கதை. அதற்கு அப்புறம் ஏட்டை நெருப்பில் போடுகிறார்கள், வைகையில் விடுகிறார்கள். எந்த ஏடு வேகவில்லையோ, எந்த ஏடு எதிர்நீச்சல் போடுகிறதோ அந்தக் கட்சிதான் ஜெயம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள், இரண்டு தரப்பும் கரையில் நிற்கிறது, ராஜா சாட்சி. தோற்றால் கழுமரம் என்பது மட்டும்தான் எனக்கு ஒத்துவராத நிபந்தனை.

நடந்ததா என்று கேட்டால், சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டு, கதையை இப்போது நாம் கேட்கிற உருவத்தில் விரித்து எழுதிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு, எழுதியதும் ஜெயித்த கட்சி. தோற்றவர்கள் எழுதிய கணக்கு நம் கையில் இல்லை. அது தனி விவகாரம். நான் சொல்ல வந்தது என்னவென்றால், கடவுள் விஷயத்தில் ஆதாரம் கேட்பது அகம்பாவம், பாவம் என்று நம் பக்திக்காரர்கள் அன்றைக்கு நினைக்கவில்லை. சவால் விட்டார்கள், நிபந்தனை பேசினார்கள், ஆற்றங்கரைக்கு வந்தார்கள்.

எங்கள் லேபுக்கும் இப்படி ஒரு வைகைக் கரை உண்டு. வேலூர் சி.எம்.சி. நடத்துகிற தரச்சோதனைத் திட்டத்தில் எங்களுக்குச் சின்னக் குப்பிகளில் மாதிரி வரும். அதில் சர்க்கரை எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் மெஷினில் போட்டு, வந்த எண்ணை எழுதி அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய பிறகுதான் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். விடை வந்த பிறகு ‘நாங்களும் அதைத்தான் நினைத்தோம்’ என்று சொல்ல வழியே கிடையாது. கடவுள் பற்றி எனக்குக் காட்டப்படுகிற ஆதாரம் எல்லாமே விடை வந்த பிறகு எழுதப்பட்டதாக இருக்கிறது, என் சிக்கலே அதுதான். வேலை கிடைத்தால் சாமி கொடுத்தது. கிடைக்காவிட்டால் இதைவிட நல்லது வரப்போகிறது. ஆள் பிழைத்தால் அருள், போய்விட்டால் விதி. எது நடந்தாலும் பொருந்துகிற ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

முன்கூட்டியே எழுதிவைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற டாக்டரின் குழு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 6 மருத்துவமனைகள், பைபாஸ் அறுவைக்குப் போன 1,802 நோயாளிகள். ஒரு பிரிவுக்காக ஜெபம் செய்தார்கள், இன்னொரு பிரிவுக்காகச் செய்யவில்லை, தாங்கள் எந்தப் பிரிவு என்று இந்த இரண்டு பிரிவினருக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவிடம் உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லிவிட்டே ஜெபித்தார்கள். அறுவைக்குப் பிறகு ஏதோ ஒரு சிக்கல் வந்தவர்கள், முதல் பிரிவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51, தெரிந்தே ஜெபம் வாங்கிய மூன்றாவதில் 59. இந்த 59-ஐ வைத்து ஜெபம் கெடுதல் என்று கிண்டல் செய்கிற என் கூட்டாளிகளோடு நான் சேர மாட்டேன். ‘நமக்காக ஜெபிக்கிற அளவுக்கு நிலைமை மோசமா’ என்ற பயம்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் முதல் இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஏதாவது தெரிந்திருந்தால், ஒரு 20 சதவீத வித்தியாசம் வந்திருந்தால், அது திரும்பத் திரும்ப வந்திருந்தால், சத்தியமாக நான் ஆடிப்போயிருப்பேன். அது கிறிஸ்தவ ஜெபம்தானே, நம்ம பிள்ளையாரிடம் கேட்கவில்லையே என்கிறீர்களா? நல்ல கேள்வி. கேட்டுப் பார்ப்போம். யாராவது நடத்துங்கள்.

பாந்த்ரா மவுண்ட் மேரி திருவிழாவுக்கு செப்டம்பரில் நீங்களும் போகிறீர்கள், நானும் போகிறேன். ஏறுகிற வழியெல்லாம் மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு. எங்கே வலியோ அந்த உறுப்பை வாங்கி மாதாவிடம் வைக்க வேண்டும், நம் ஊர் அம்மன்களுக்குக் கண்மலர் சாத்துகிற மாதிரிதான். முட்டி வலி போயிருக்கிறது, குழந்தை பிறந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இதெல்லாம் வைக்காதவர்களுக்கும் நடக்கிற விஷயம். லோக்கல் ரயிலில் அடிபட்டு முழங்காலுக்குக் கீழே போனவர்களும் இந்த ஊரில் ஏராளம் பேர், அவர்களும் அதே மெழுகுக் காலைத்தான் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கால் முளைத்து நான் கேள்விப்பட்டதில்லை. பிரான்ஸில் லூர்து மாதா கோயிலில் 1858-லிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குணமானதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், டாக்டர்களை வைத்து அலசி, சபை அற்புதம் என்று ஏற்றது ஏறக்குறைய 70தான். (அந்த நேர்மைக்கு அவர்களை நான் மெச்சுகிறேன்.) அந்தப் பட்டியலிலும் வெட்டுப்பட்ட உறுப்பு முளைத்தது ஒன்றும் இல்லை. 1640-ல் ஸ்பெயினில் கலாண்டா என்ற ஊரில் ஒருவருக்கு வெட்டியெடுத்த கால் திரும்ப வந்ததாக ஒரு கதை உண்டு, அதோடு சரி. பல்லிக்கு வால் முளைக்கிறது. மனுஷனுக்கு ஒரு விரலாவது? எக்ஸ்ரேயோடு ஒன்றைக் காட்டுங்கள், போதும்.

இன்னொரு பக்கத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது அற்புதம் எதுவும் இல்லை, நட்சத்திரம். நம் உடம்பில் இருக்கிற கார்பன் நட்சத்திரத்துக்குள் உண்டாக வேண்டுமென்றால் அதன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று ஃபிரெட் ஹோய்ல் என்ற பிரிட்டிஷ் வானியல் விஞ்ஞானி 1953-ல் முன்கூட்டியே சொன்னார். தேடினார்கள், இருந்தது. ஹோய்ல் நாத்திகர், அவரே பிற்காலத்தில் ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்திருப்பது போலத் தெரிகிறது என்று எழுதினார். ஆண்டனி ஃப்ளூ என்று ஒரு பிரிட்டிஷ் தத்துவ அறிஞர், வாழ்நாள் முழுக்க நாத்திகத்துக்காக வாதாடியவர், 81 வயதில், 2004-ல், டிஎன்ஏவின் சிக்கலைப் பார்த்தால் பின்னால் ஒரு அறிவு இருக்க வேண்டும் போலத் தோன்றுகிறது என்று மாறிவிட்டார். இதை என் கூட்டாளிகள் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஆனால் அவர் வந்து சேர்ந்த கடவுள் பிரார்த்தனை கேட்காது, சொர்க்கம் தராது, யார் விரதம் இருந்தார்கள் என்று பார்க்காது. மறுபிறவி, மறுமை எதிலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கடவுளுக்குப் பந்தல் போட முடியாது அண்ணாச்சி, லட்டு படைக்கவும் முடியாது. பிரபஞ்சம் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ‘தெரியவில்லை’ என்பதே இப்போதைக்கு என் பதில். அந்தத் தெரியவில்லையில் உங்கள் சாமிக்கும் ஒரு ஓரம் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை.

எங்கள் அம்மா விஷயத்தைத் தொடாமல் விட்டால் சரியாக இருக்காது, ஏனென்றால் நீங்கள் கண்டிப்பாக அதைக் கேட்பீர்கள். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்பா குர்லாவிலிருந்து கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து விடியற்காலையில் வீடு வந்தார். ராத்திரி முழுக்க அம்மா இசக்கியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நடுச்சாமத்தில் யாரோ தோளைத் தொட்டு ‘வருவான்’ என்று சொன்னதாக இன்றைக்கும் சொல்வாள். அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்தத் தொடுகை அவளுக்கு ஆதாரம்தான், அதை நான் அவளிடமிருந்து பிடுங்கப் போவதில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது அந்தத் தொடுகை இல்லையே, அதைப் பற்றிய பேச்சுதானே. அதே ராத்திரி திரும்பி வராதவர்களின் வீட்டிலும் யாரோ ஒருத்தி ஏதோ ஒரு படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் யாராவது தோளைத் தொட்டு ‘வருவான்’ என்று சொல்லியிருந்தால்? அந்தக் கதையை எந்தப் பந்தலிலும் யாரும் சொல்லப் போவதில்லை.

‘கடவுளைச் சோதிக்கக் கூடாது’ என்று ஒரு அக்கா போன தடவை கோபப்பட்டார். சோதிக்க வேண்டாம் என்றால் சரி, நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அப்போது பால் குடித்ததையும் காட்டக் கூடாது, ‘விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. அப்புறம் இன்னொன்று, சாமிகளே இவ்வளவு கோபப்பட்டதாகத் தெரியவில்லை. காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த தோமையாரை இயேசு விரட்டவில்லை, இந்தா பார் என்று கையை நீட்டினார். (அந்தச் சந்தேகப் பேர்வழிதான் கடைசியில் நம் சென்னை வரைக்கும் வந்து பரங்கிமலையில் உயிரைக் கொடுத்ததாக ஐதீகம்.) இறந்ததை எப்படி உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு என்று இப்ராஹிம் நபி கேட்டபோது இறைவன் நான்கு பறவைகளை வைத்துக் காட்டியதாகக் குர்ஆனில் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் கிடைத்ததில் கால்வாசி கிடைத்தால்கூட எனக்குப் போதும்.

சரி, நோட்டீஸில் கேட்டதற்கு நேரடிப் பதில். கோயில் கொடை விழாவில் சாமி வந்து ஆடுகிற அண்ணாச்சி குறி சொல்வார், பலருக்குப் பலித்திருக்கிறது என்கிறீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம், செலவு இல்லாத காரியம். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எழுதிய சீட்டுகளை ஒரு குடத்தில் போட்டு, இருட்டில் ஒரு குழந்தை ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காமல், அதுவும் பார்க்காமல், ஒரு கவரில் போட்டு ஒட்ட வேண்டும். இப்படி எட்டு கவர், ஒவ்வொரு தடவையும் பத்துச் சீட்டும் உள்ள புதுக்குடம், வரிசைக்கு நம்பர் போட்டுக்கொள்ளலாம். என்ன எண் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, அதனால் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. சாமி வந்த நேரத்தில் எட்டு இலக்கத்தையும் வரிசையாகச் சொல்லட்டும், ஒருவர் எழுதிக்கொள்ளட்டும், எல்லாருக்கும் முன்னால் கவரைப் பிரிப்போம். குருட்டாம்போக்கில் சரியாக வர பத்துக் கோடியில் ஒரு வாய்ப்பு. ஒரு தடவை வந்தாலே நான் தூங்க மாட்டேன். இரண்டாவது தடவையும் வந்தால், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அதே மேடையில் மைக் பிடித்துச் சொல்வேன். அப்புறம் பாஸ்டரையும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் கூப்பிட்டு அவர்களும் முயற்சி செய்யட்டும். அவர்களுக்கு வராமல் நம் பந்தலில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் 108 தேங்காய் என் செலவு. அந்த ஏதோ ஒன்று நல்லதா, உலகத்தைப் படைத்ததா, நாம் சொன்னால் கேட்குமா என்பதெல்லாம் அதற்கு அடுத்த பேச்சு, அதற்கும் நான் வருவேன், இப்போதே ஓடிவிட மாட்டேன்.

பதிலுக்கு நீங்கள் ஒன்று எழுதித்தர வேண்டும். எட்டு எண்ணும் தப்பாக வந்தால் என்ன சொல்வீர்கள்? ‘சாமிக்கு இதில் விருப்பம் இல்லை’, ‘நம்பாதவள் பக்கத்தில் நின்றதால் தீட்டாகிவிட்டது’ என்று அப்புறம் சொல்வதாக இருந்தால் அதை இப்போதே எழுதிவிடுங்கள், குழந்தையை இருட்டில் நிறுத்தி வீண்வேலை பார்க்க வேண்டாம்.

கவர்களை எங்கே வைப்பது என்பது ஒன்றுதான் பாக்கி. என் வீட்டில் வேண்டாம், உங்கள் ஆபீஸிலும் வேண்டாம். முனையில் இருக்கிற பாய் கடைக் கல்லாப்பெட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், அவரிடம் பேசிவிட்டேன், பூட்டு மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார்.

இப்படிக்கு,
லேபுக்காரத் தங்கச்சி